கொடைக்கானலில் வீடு, சென்னையில் ஓனர்... சாவி யார் கையில்?

சென்னையில் ஐ.டி வேலை, கொடைக்கானலில் இ.எம்.ஐ-யில் ஒரு காட்டேஜ். 'சுற்றுலா வர்றவங்களுக்கு வாடகைக்கு விட்டா, லோன் தானா அடைஞ்சிடும்' என்பது கணக்கு. ஆப்பில் புக்கிங், யு.பி.ஐ-யில் பணம், கதவில் நம்பர் பூட்டு. போனிலேயே எல்லாம் முடிஞ்சிடும்னுதான் தோணும்.

கணக்கில் முதலில் கை வைத்தது இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வண்டிகள் என வரம்பும் வந்தது. ரூம் உறுதியானாலும் பாஸ் கிடைக்காத கெஸ்ட் பணத்தைத் திருப்பிக் கேட்பார். இதற்கு என்ன விதி என்று புக்கிங்கின்போதே எழுதிவிடுங்கள்.

பெரிய சிக்கல், ஆளே வராத மழைக்காலம். ரெண்டு வாரம் பூட்டிக் கிடந்தால் மெத்தையில் பூஞ்சை, மரக்கதவு உப்பிப்போய் மூடாது. கேமராவில் இதெல்லாம் தெரியாது. தினமும் ஜன்னலைத் திறந்துவைக்க, ராத்திரி 11 மணிக்கு 'கீஸர் வேலை செய்யல ப்ரோ'ன்னா ஓடிப்போக, உள்ளூர் அண்ணன் ஒருத்தர் வேணும். நிறைய பேர் அவருக்கு கெஸ்ட் வந்த நாளுக்கு மட்டும் காசு கொடுக்கிறாங்க. அப்புறம் ஜூலையில் அவர் வேற வேலைக்குப் போயிட்டார்னு புலம்பினா எப்படி? மாதச் சம்பளம் பேசுங்க பாஸ்!

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் பதிய வேண்டும். இதை அந்த அண்ணன் தலையில் கட்டாதீங்க. சென்னையில இருந்தே நீங்க செய்யலாம்.