போன காரியமும் பார்த்த ஊரும்



வடக்கே உள்ள தோட்டங்களில் பினாங்குக்குப் போகாத குடும்பம் ஒன்றைத் தேடிப் பிடிப்பது கடினம். கெடாவானாலும் சரி, பேராக்கின் வட பகுதியானாலும் சரி, எல்லாருக்கும் ஏதாவது ஒரு காரியம் அங்கே இருக்கவே செய்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க வேண்டும்; பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்தைத் திருத்த வேண்டும்; மகளுக்குக் கல்யாணப் புடவை எடுக்க வேண்டும். போகிறோம். காரியம் முடிகிறது. "பஸ்ஸை விட்டுவிடப் போகிறோம், கிளம்பு கிளம்பு" என்று ஓடி வருகிறோம். பினாங்குக்குப் போனவர்கள் நம்மில் ஏராளம். பினாங்கைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'நான் பார்த்த பினாங்கு' என்று ஒரு கட்டுரை கொடுத்தேன். பெரும்பாலான பிள்ளைகள் எழுதியது ஏதோ ஓர் அலுவலகத்தின் நாற்காலியைப் பற்றித்தான். எண் சீட்டு வாங்கினோம், எண் வரும்வரை காத்திருந்தோம், அம்மா கட்டிக்கொண்டு வந்த சோற்றைச் சாப்பிட்டோம், திரும்பினோம். ஒரு பையன் கூரையில் சுழன்ற மின்விசிறிகளை எண்ணி எழுதியிருந்தான். மொத்தம் பதினான்காம்! கணக்கு சரியாகத்தான் இருக்கும். அவனுக்கு வேறு வேலை இல்லையே.

இதே பிள்ளைகளிடம் கொரிய நாட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அந்நாட்டுக் காரமான மீயைக் கண்ணில் நீர் வழிய உறிஞ்சுகிறார்கள். அங்குள்ள மலையையும் பனியையும் நாடகங்களில் பார்த்து, "சார், பெரியவனானதும் நான் அங்கே போவேன்" என்கிறார்கள். போகட்டும், தாராளமாகப் போகட்டும்! ஆனால் அரை நாள் தொலைவில் இருக்கிற ஊரின் சோற்றையும் மலையையும் அறியாமலா அவ்வளவு தூரம் போவது?

பள்ளி வேலையாக ஆண்டுக்கு நான்கைந்து முறை நான் ஜார்ஜ் டவுனுக்குப் போய் வருகிறேன். புத்தகம் வாங்க வேண்டும், பரிசுப் பொருள் வாங்க வேண்டும், சில சமயம் கூட்டம் இருக்கும். காரியத்தை முடித்த பிறகு மூன்று மணி நேரத்தை ஊருக்கென்று ஒதுக்கி வைப்பது என் வழக்கம். அந்த மூன்று மணி நேரத்தில் நான் கற்றதைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், போகிற வழியைச் சொல்கிறேன். 1985-இல் பாலம் திறந்த பிறகு நம்மில் பலர் ஃபெரியை மறந்தே போனோம். பழைய இரண்டடுக்கு ஃபெரிகள் கார்களை ஏற்றிக்கொண்டு போனது 2020-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு நின்றது. 2023-இல் புதிய படகுகள் வந்தன. இவற்றில் காருக்கு இடமில்லை. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏறலாம். பட்டர்வொர்த்தில் ரயிலையோ பஸ்ஸையோ விட்டு இறங்கினால், ஃபெரித் துறை நடக்கிற தூரம்தான். பத்துப் பதினைந்து நிமிடப் பயணம். முகத்தில் உப்புக்காற்று அடிக்கும். எதிரே வெள்ளைக் கட்டடங்களும், அவற்றுக்குப் பின்னால் பச்சை மலையும் மெல்ல மெல்லப் பெரிதாகும். பிள்ளைகளை ஓரத்து இருக்கையில் உட்கார வையுங்கள். கைத்தொலைபேசியை நீங்களும் பைக்குள் வையுங்கள்.

துறையில் இறங்கியதும் நீங்கள் நிற்கிற இடம் வெல்ட் கீ என்னும் கடற்கரைச் சாலை. இங்கேதான் ஒரு காலத்தில் கப்பல் சரக்கு ஏறி இறங்கியது. மூட்டை சுமந்தவர்களில் நம்மவர் நிறைய. பினாங்கின் பெயரைச் சொன்னதும் நாக்கில் நீர் ஊறச் செய்கிற நாசி கண்டாரின் கதையும் இந்தத் துறைமுகத்தோடு சேர்ந்ததுதான்.

'நாசி' என்றால் சோறு என்பது உங்களுக்குத் தெரியும். 'கண்டார்' என்பது தோளில் கம்பு வைத்துச் சுமப்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல். இராமநாதபுரம், கடையநல்லூர் போன்ற ஊர்களிலிருந்து பிழைக்க வந்த தமிழ் முஸ்லிம்கள் ஒரு கம்பின் ஒரு முனையில் சோற்றுப் பானையையும், மறு முனையில் குழம்புப் பானைகளையும் கட்டித் தோளில் காவடிபோல் சுமந்து, விடியற்காலையிலேயே துறைமுகத் தொழிலாளிகளைத் தேடிப் போனார்கள். வெயில் ஏறுமுன் வயிறு நிறையக் காரசாரமாகச் சாப்பிட்டு வேலைக்கு இறங்க வேண்டிய உழைப்பாளிகளுக்கென்று உண்டான சோறு அது. இன்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று சாப்பிடுகிறார்கள். கேம்பல் சாலையில் 1907-இல் தொடங்கிய ஹமீதியா கடை இன்றும் நடக்கிறது. இருந்தாலும் அந்தத் தட்டில் முதலில் கை வைத்தவர்கள் மூட்டை தூக்கியவர்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

இப்போது கொரியாவுக்கே ஒரு நிமிடம் போய் வருவோம். அந்நாட்டின் தெற்கே புசான் என்றொரு துறைமுக நகரம் உண்டு. 1950 முதல் 1953 வரை நடந்த போரில் வடக்கிலிருந்து ஓடிவந்த அகதிகள் அங்கே குவிந்தார்கள். அவர்கள் ஊரில் ஒரு வகைக் கருந்தானிய மாவில் மீ செய்து, குளிர்ந்த சாற்றில் போட்டுச் சாப்பிடுவார்கள். புசானில் அந்தத் தானியம் சுலபமாகக் கிடைக்கவில்லை. உதவிப் பொருளாக வந்த கோதுமை மாவுதான் கிடைத்தது. அதிலேயே மீ செய்தார்கள். 'மில்மியோன்' என்ற அந்த மீ இன்று புசானின் பெருமை. பார்த்தீர்களா? புசானானாலும் பினாங்கானாலும், துறைமுகத்தின் ருசியை உண்டாக்கியவர்கள் ஊர்விட்டு ஊர் வந்து பாடுபட்டவர்களே.

மீ கோரேங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் மீ சீனருடையது. அதில் சேரும் மிளகாய்ச் சம்பல் மலாய்க்காரர் வீட்டுப் பக்குவம். வாணலியைப் பிடித்துக் கிளறியவர் தமிழ் முஸ்லிம். மூவர் சேர்ந்ததால் ஒரு தட்டு. பாசெம்பூரும் அப்படித்தான். வடை வகைகள், வெள்ளரி, பங்குவாங் கிழங்கு, தவ்வு, அவித்த முட்டை, இவற்றின் மேல் இனிப்பும் காரமுமான கெட்டிக் குழம்பு. பாடாங் கோத்தா லாமாவில் கடற்காற்று வாங்கிக்கொண்டு இதைச் சாப்பிடுவது பினாங்குக்காரர்களின் நெடுநாளைய பழக்கம். வெயிலுக்கு இதமாகப் பினாங்கு ரோட்டுச் சந்தில் ஒரு கிண்ணம் செண்டோல்; புளிப்புப் பிடித்தவர்களுக்கு மீனும் புளியும் புதினாவும் சேர்ந்த ஆசாம் லக்சா.

வாய்க்கு இவ்வளவு போதும். கண்ணுக்கும் கொஞ்சம் வேண்டாமா?

மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் நடந்து பாருங்கள். குவீன் ஸ்திரீட்டில் உள்ள மகா மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில் இதுவே. அருகில் இருக்கும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1801-இல் தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் முகைதீன் காலத்தில் தோன்றியது. அதே சாலையில் சீனரின் குவான் இன் கோயில். சாலையின் கோடியில் 1818-ஆம் ஆண்டின் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். நான்கு சமயத்தாரும் ஒரே சாலையில் அடுத்தடுத்து வழிபடுவதைப் பாடப்புத்தகத்தில் படிப்பது வேறு, பத்து நிமிடம் நடந்து பார்ப்பது வேறு. 2008-இல் யுனெஸ்கோ இந்த நகரை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. அந்தப் பெருமையில் நம்மவர் கட்டிய கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பங்குண்டு.

நேரம் இருந்தால் கொடிமலைக்கு ஏறுங்கள். மலை ரயில் 1924 ஜனவரி முதல் நாளில் முறையாகத் திறக்கப்பட்டது. முன்பெல்லாம் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். 2011-இல் வந்த புதிய ரயில் நேரே உச்சிக்குக் கொண்டுபோகிறது. மேலே முருகன் கோயிலும் பள்ளிவாசலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அங்கிருந்து பார்த்தால் ஊரும் கடலும் பாலமும் தெரியும். வானம் தெளிந்திருந்தால் கெடாவின் ஜெராய் மலையும் தெரியும். மலை அடிவாரத்துத் தோட்டத்துப் பிள்ளைகள், "அதோ நம் மலை!" என்று துள்ளிக் குதிப்பார்கள். தினம் பார்க்கும் மலையைத் தூரத்திலிருந்து பார்ப்பதும் ஒரு படிப்புத்தானே?

பாலத்தின் வழியாகத் தீவுக்குள் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தீவை நெருங்கும்போது இடப்பக்கம் பாருங்கள். காடு மூடிய சிறு தீவு ஒன்று தெரியும். அதுதான் ஜெரெஜாக். கப்பலில் வந்த நம் முன்னோர் பலரை நோய்க் கண்காணிப்புக்காக அங்கே இறக்கி வைத்திருந்துதான் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். பிற்காலத்தில் 'ரஜூலா' கப்பல், 1926-இல் கட்டப்பட்டது முதல் 1973 வரை, போர்க்காலம் நீங்கலாக, சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே ஆயிரக்கணக்கானவர்களைச் சுமந்தது. உங்கள் பாட்டன் பூட்டன் இந்த நாட்டில் முதன்முதலாகப் பார்த்த மண் இந்தக் கரையாக இருக்கலாம். அவரும் ஒரு காரியமாக வந்தவர்தான். ஊர் பார்க்க அவருக்கு ஒரு மணி நேரமும் கொடுக்கப்படவில்லை. நமக்கு இருக்கிறது.

"வாத்தியாருக்கென்ன, சொல்லிவிடுவார், காசுக்கு எங்கே போவது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சிக்கனமாகப் போய்வரச் சில யோசனைகள்:

நாசி கண்டார் கடையில் எடுப்பதைப் பொறுத்தே விலை. பெரிய இறாலும் மீன் முட்டையும் தட்டில் ஏறினால் கணக்கும் ஏறும். ஆகவே கைகாட்டுமுன் விலையைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். பல குழம்புகளைக் கலந்து ஊற்றுவதே அங்கு வழக்கம். ஆகவே மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் சைவர்களும் தட்டைக் கையில் எடுக்குமுன்பே சொல்லிவிடுங்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் செண்டோலில் பிள்ளைகளின் கிண்ணத்திலிருந்து இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜார்ஜ் டவுனுக்குள் சுற்றிவர இலவச பஸ் உண்டு. ஃபெரித் துறையிலிருந்து 204-ஆம் எண் பஸ் கொடிமலை அடிவாரம்வரை போகும். மலை ரயிலில் அடையாள அட்டையைக் காட்டினால் நம் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. பள்ளி விடுமுறையில் கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள். கையில் காசே இல்லையென்றாலும், 1884-இல் அமைத்த தாவரவியல் பூங்காவில் நடக்கக் கட்டணமில்லை. தண்ணீர்மலை முருகனைத் தரிசித்துவிட்டு அங்கே ஒரு சுற்றுப் போகலாம். குரங்குகளிடம் மட்டும் பழப்பையைக் காட்டாதீர்கள்!

இவ்வளவும் எதற்கு? வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுவிட்டு வரவா? அது மட்டுமன்று.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் நாளை பட்டணத்தில்தான் படிக்கவும் பிழைக்கவும் போகிறார்கள். வகுப்பில் கெட்டிக்காரனாக இருந்த பையன், பட்டணத்துக் கடையில் ஒரு தேநீர் கேட்கத் தயங்கி வெளியே நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆங்கிலமும் கணக்கும் நாங்கள் சொல்லிக் கொடுத்துவிடலாம். இந்த ஊர் எனக்கும் உரியது என்ற துணிவை வகுப்பறையில் சொல்லிக் கொடுக்க முடியாது. அது ஃபெரியில் ஏறியும், வரிசையில் நின்று தன் வாயால் "அண்ணே, மீன் குழம்பு கொஞ்சம் ஊற்றுங்கள்" என்று கேட்டு வாங்கியும் வருவது. தன் முன்னோர் சுமந்த மூட்டையும், அவர்கள் பசியாறிய சோறும், அவர்கள் கட்டிய கோயிலும் அந்த ஊரில் இருப்பதைக் கண்ணால் கண்ட பிள்ளை அங்கே விருந்தாளிபோல் ஒதுங்கி நிற்காது.

ஆதலால் பெற்றோர்களே, அடுத்த முறை காரியமாகப் பினாங்குக்குப் புறப்படும்போது, முடிந்தால் பள்ளி விடுமுறை நாளாகப் பார்த்து, பிள்ளைகளில் ஒருவரையாவது அழைத்துப் போங்கள். ஒவ்வொரு முறைக்கும் ஒரு பிள்ளை என்று முறை வைத்துக்கொள்ளலாம். காரியத்தை முதலில் முடியுங்கள். பிறகு மூன்று மணி நேரத்தை ஊருக்குக் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம். ஒரு சோறு, ஒரு தெரு, ஒரு காட்சி போதும்.