இரவல் வர்ணம்

“வர்ணம் பிடிபடவில்லையா? சித்திரசாலைக்குப் போ. பெரியவர்கள் போட்ட படங்களைப் பார்த்து நாலு நிறத்தைக் குறித்துக்கொண்டு வா.” ஓவியம் பயிலும் பிள்ளைகளுக்கு இப்படி உபதேசிக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். இப்போது குறித்துக்கொள்ளும் சிரமம்கூட இல்லை. கைபேசியைக் காட்டினால் படத்தின் நிறங்களை அது கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. இது சுத்த அபத்தம் என்பது என் கட்சி.

வான்கோ 1888-ல் ஆர்ல் நகரில் தன் படுக்கையறையை வரைந்தான். ஆம்ஸ்டர்டாமில் இருக்கிற அந்தப் படத்தில் சுவர் நீலம். பார்க்கிறவர்கள் அந்த நீலத்தில் சொக்கிப்போகிறார்கள். ஆனால் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் அவன் சுவருக்குச் சொன்ன நிறம் வெளிறிய ஊதா! அவன் குழைத்த சிவப்பு வெளிச்சம் பட்டுப் பட்டு வெளுத்துவிட்டது, மிஞ்சியது நீலம். நம் பிள்ளை அங்கிருந்து பெயர்த்துக்கொண்டு வருவது வான்கோவின் வர்ணத்தையா, வெளிச்சத்தின் கைவேலையையா?

ரெம்பிராண்ட் 1642-ல் வரைந்த காவற்படையின் படத்துக்குப் பிற்காலத்தார் ‘இரவுக் காவல்’ என்று பெயர் வைத்தார்கள். அவன் வரைந்தது பகல். வார்னிஷும் அழுக்கும் சேர்ந்து இரவாக்கிவிட்டன. இங்கிலாந்தில் சர் ஜார்ஜ் போமான்ட் என்ற ரசிகப் பெருமகனார், பழைய பிடிலின் பழுப்புத்தான் இயற்கைக் காட்சிக்கு ஏற்ற நிறம் என்று வாதாடினாராம். கான்ஸ்டபிள் என்ற ஓவியன் பதில் பேசவில்லை. ஒரு பிடிலை எடுத்துப் போய்ப் பச்சைப் புல்தரையில் வைத்தான்.

சரி, வெளுக்காத படமே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பாரிஸில் கோப்லான் நெசவுச்சாலையின் சாயப் பகுதிக்குத் தலைவராக இருந்த ரசாயனி ஷெவ்ரூலிடம், கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்று புகார் வந்தது. சோதித்தார். சாயத்தில் குற்றமில்லை, பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும் கறுப்பைச் சோகை பிடிக்க வைத்திருந்தன. 1839-ல் இதையே பெரிய புத்தகமாக எழுதினார். (ரவிக்கைத் துணி எடுக்கப் புடவையையே கடைக்குத் தூக்கிப் போகிற நம் பெண்களுக்கு அந்தப் புத்தகம் தேவைப்படவில்லை.) கைபேசியின் கட்டத்துக்குள் தனியே நிற்கிற நிறம், படத்தில் நின்ற அதே நிறமா?

சித்திரசாலைக்குப் போகாதே என்றா சொல்கிறேன்? போகட்டும். ஒரே படத்தின் முன் ஒரு மணி நேரம் நிற்கட்டும். எதற்குப் பக்கத்தில் எதை வைத்தான், எவ்வளவு இடம் கொடுத்தான், எதைக் கிட்டவே சேர்க்கவில்லை என்று பார்க்கட்டும். கைபேசியை மட்டும் குடையோடு சேர்த்து வாசலிலேயே ஒப்படைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.