கத்தரி படுவதற்கு முன்

 

இம்மாதம் உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளைக் கண்டு சிலர் வியப்படையலாம். "மதரஸாவில் பாடம் நடத்துபவருக்குக் கூந்தல் வெட்டும் பேச்சு எதற்கு?" என்று கேட்கவும் கூடும். ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தியிடம் நானும் கேட்டேன். அப்படிக் கேட்டதற்காக இன்றும் வருந்துகிறேன். அந்த வருத்தமே இக்கட்டுரையை எழுத வைத்தது.

அந்தப் பெண்ணுக்கு இடுப்பைத் தொடும் நேர்முடி. பளபளப்பானது, ஆனால் இழை மெல்லியது. நிக்காஹ் நாள் குறித்திருந்தார்கள். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அருகில் வந்து, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். "ஆலிமா, என் முடி தலையோடு ஒட்டிக் கிடக்கிறது. இப்படி லேயர் கட் செய்துகொண்டால் எனக்குப் பொருந்துமா?" என்றாள். நான் படத்தைச் சரியாகப் பார்க்கவும் இல்லை. "இதையெல்லாம் கேட்கும் இடமா இது?" என்று சொல்லிவிட்டேன். முகம் வாடிப் போய்விட்டாள்.

பிறகு யாரிடமும் கேட்காமல் ஓர் அழகு நிலையத்திற்குச் சென்று, அந்தப் படத்தைக் காட்டி வெட்டிக்கொண்டாள். அன்று மாலை வரை அழகாகத்தான் இருந்ததாம். வீட்டில் தலைகுளித்ததும் எல்லாம் மாறிவிட்டது. மேல்முடி காதளவில் குட்டையாக நின்றது; கீழே எலிவால் போல ஒரு மெல்லிய கொத்து மட்டும் தொங்கியது. அன்றிலிருந்து வீட்டிற்குள்ளும் முக்காட்டை எடுக்கவில்லை. மருதாணி இடும் இரவில், மகளுக்குப் பூச்சடை பின்னுவதற்காகச் சீப்பும் எண்ணெயுமாக உட்கார்ந்த உம்மா, முக்காட்டை விலக்கியபோதுதான் கண்டார்.

மறுவாரம் அந்தத் தாய் என்னிடம் வந்தார். கோபிக்கவில்லை. "உங்களிடம்தான் முதலில் கேட்டாளாமே! நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள்" என்றார். அதற்கு மறுமொழி சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. அன்று சொல்லத் தவறியதை, அதன்பின் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டவற்றோடு சேர்த்து, இன்று உங்கள் அனைவருக்கும் சொல்கிறேன்.

வெட்டலாமா?

நம் வீடுகளில் முதலில் எழுவது இந்த ஐயமே. நபிகளாரின் (ஸல்) துணைவியர் தம் கூந்தலைக் காதளவுக்கு நெருங்கக் குறைத்துக்கொண்டிருந்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. பெண்கள் முடியைக் குறைத்துக்கொள்ள அனுமதி உண்டு என்பதற்கு இதனைச் சான்றாக இமாம் நவவீ (ரஹ்) விளக்கியுள்ளார்கள். ஆண்களைப் போலத் தோன்றும்படி வெட்டக் கூடாது. அந்த அலங்காரம் அந்நியர் பார்வைக்கு ஆகக் கூடாது. இவ்வெல்லைகளை நாம் அறிவோம். மேற்கொண்டு ஐயம் உள்ளவர்கள் தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். வீட்டிற்குள், குடும்பத்தார் நடுவே அழகாக இருக்க விரும்புவது குற்றமன்று. ஆகவே, வெட்டுவதாயின் எப்படி வெட்டுவது என்பதைப் பார்ப்போம்.

நேர்முடி ஏன் ஒட்டிக் கிடக்கிறது?

சுருள்முடியில் ஓர் இழை மற்றோர் இழையைத் தள்ளி நிறுத்துகிறது. அதனால் தானே உப்பிக்கொள்கிறது. நேர்முடியின் இழைகளோ ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்யும் நேரான இழையில் தடையின்றி இறங்குவதால், முடி விரைவில் பிசுபிசுத்துத் தலையோடு ஒட்டுகிறது. இவற்றோடு நீளமும் சேர்ந்துவிட்டால் முடியின் சுமையே அதனைக் கீழே இழுக்கிறது. எல்லா நுனிகளும் ஒரே மட்டத்தில் முடிவதால், தலையைத் திருப்பினாலும் விரித்த துணி போல மொத்தமாகவே அசைகிறது.

இந்தச் சுமையைக் குறைப்பதுதான் லேயர் கட். முடியைக் கீழே தொங்கவிட்டு ஒரே கோட்டில் வெட்டினால் அது நேர்வெட்டு. தலையிலிருந்து நேரே வெளிப்புறமாக, அதாவது 90 பாகைக்கு உயர்த்திப் பிடித்து வெட்டினால், தலை முழுவதும் ஒரே நீளமுள்ள அடுக்குகள் கிடைக்கும். எல்லா முடியையும் உச்சிக்கு மேலே திரட்டிப் பிடித்து வெட்டினால், உச்சியில் இருப்பது குட்டையாகவும் பிடரியில் இருப்பது நீளமாகவும் அமையும். இவ்வாறு நுனிகள் வெவ்வேறு மட்டங்களில் முடியும்போது, மேலடுக்கு தன் சுமை குறைந்து சற்றே எழும்புகிறது; நடக்கும்போது தனித்தனியே அசைகிறது. நேர்முடிக்கு உயிரோட்டம் கிடைப்பது இப்படித்தான்.

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. லேயர் கட் சுமையைக் குறைக்கும், முடியைக் கூட்டாது. இல்லாத சுருளையும் உண்டாக்காது.

படம் சொல்லாத செய்தி

நாம் படத்தில் காணும் அலைகளில் பெரும்பாலானவை கத்தரியால் வந்தவை அல்ல. வெந்நீராவி போலச் சூடான காற்றை வீசும் டிரையரும் உருளைச் சீப்பும் சேர்ந்து உண்டாக்கியவை. தண்ணீர் பட்டதும் அவை போய்விடும். என் மாணவிக்கு நேர்ந்ததும் இதுவே.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1994இல் தொடங்கிய 'ஃப்ரெண்ட்ஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் நடித்த ஜெனிஃபர் அனிஸ்டனுக்கு, கிறிஸ் மெக்மில்லன் என்னும் முடிதிருத்துநர் அடுக்கடுக்காக முடியை வெட்டினார். கதாபாத்திரத்தின் பெயரால் 'ரேச்சல்' என்று அழைக்கப்பட்ட அந்த வெட்டைப் பல நாட்டுப் பெண்கள் அந்நடிகையின் படத்தைக் காட்டிக் கேட்டு வாங்கினார்கள். ஆனால் அவரோ, அது தமக்குப் பிடிக்கவில்லை என்றும், முடிதிருத்துநர் அருகில் இல்லாமல் தாமே அதைப் பராமரிப்பது கடினமாக இருந்தது என்றும் பிற்காலத்தில் பேட்டிகளில் சொன்னார். படத்திற்கு உரியவராலேயே வீட்டில் பேண முடியாத ஒன்றை, அடுப்படியும் குழந்தைகளுமாக இருக்கும் நாம் எவ்வாறு பேண இயலும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான வழியும் இருந்தது. 1963இல் லண்டனில் விடால் சாசூன் என்பவர், நடிகை நான்சி குவானின் மிக நீண்ட நேர்முடியைக் குட்டையாக வெட்டிப் புகழ் பெற்றார். முடி இயல்பாக எப்படி விழுகிறதோ அதற்கேற்ப வெட்ட வேண்டும். உருளைகளும் ஸ்ப்ரேயும் இல்லாமலேயே வடிவம் நிற்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவ்வளவு குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால், குளித்துத் துவட்டியபின் தானே படியும் வெட்டுத்தான் நல்ல வெட்டு என்னும் பாடம் நமக்கும் பொருந்தும்.

உங்கள் முடி எத்தகையது?

உதிர்ந்த முடி ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உருட்டிப் பாருங்கள். இருப்பதே தெரியவில்லை என்றால் மெல்லிய இழை. நன்றாகத் தட்டுப்பட்டால் தடித்த இழை. அடுத்து, முடி முழுவதையும் பிடரியில் சேர்த்துப் பிடியுங்கள். கொத்து சிறிதாக இருந்தால் அடர்த்தி குறைவு. கை கொள்ளாமல் இருந்தால் அடர்த்தி மிகுதி.

மெல்லிய இழையும் குறைந்த அடர்த்தியும் உடையவர்கள் அடுக்குகளை மிகக் குறைவாகவும் நீளமாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். கழுத்தெலும்புக்குக் கீழே தொடங்கும் இரண்டொரு அடுக்கே போதும். அடிமட்டக் கோட்டைக் கலைக்காமல் நிறைவாக விட்டுவிட வேண்டும்; அதைக் கலைத்தால் எலிவால்தான் மிஞ்சும். இத்தகைய முடிக்கு ரேஸர் வேண்டாம். நுனி பிய்ந்து, விரைவில் பிளவுபடும்.

தடித்த, அடர்ந்த நேர்முடி உடையவர்களுக்கு அடுக்குகள் சற்று அதிகமாக இருக்கலாம்; சுமை குறைந்து தலையும் இலேசாகும். ஆனால் உச்சியில் மிகக் குட்டையாக வெட்டினால், தடித்த இழை படியாமல் விறைத்து நிற்கும்.

வட்ட முகத்தினர் முன்பக்க அடுக்கைத் தாடைக்குக் கீழே தொடங்கினால் முகம் சற்று நீண்டு தோன்றும். நீண்ட முகத்தினர் கன்ன எலும்பின் அளவில் தொடங்கினால் முகத்திற்கு அகலம் கிடைக்கும்.

ஸ்டெப் கட்டையும் லேயர் கட்டையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். ஸ்டெப் கட்டில் அடுக்குகள் படிக்கட்டுப் போலத் தனித்தனியே தெரியும். நேர்முடியில் ஒவ்வொரு வெட்டுக்கோடும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். எனவே, ஓர் அடுக்கு மற்றொன்றோடு கலந்து விழும்படி நுனிகளைக் கத்தரி முனையால் பிசிறாக்கித் தரச் சொல்லுங்கள்.

நம் வீட்டுக்குரிய அளவுகோல்

அழகு நிலையத்தார் அறியாத ஓர் அளவுகோல் நம்மிடம் இருக்க வேண்டும். நம்மில் பலர் பகலெல்லாம் முடியைக் கட்டி, அதன்மேல் மக்கனா அணிகிறோம். ஆகவே, மிகக் குட்டையான அடுக்கும் பிடரியில் போடும் ரப்பர் பேண்டுக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அது நெற்றியிலும் காதோரத்திலும் நழுவி வெளியே வந்துகொண்டே இருக்கும். தொழுகையிலும் அதைத் திருத்துவதே வேலையாகிவிடும். வெட்டுமுன் கண்ணாடி முன் நின்று முடியைக் கட்டிப் பாருங்கள். கட்டு விழும் இடத்தை விரலால் தொட்டு, "இதற்கு மேலே எந்த அடுக்கும் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

சடை பின்னுகிறவர்களும் யோசிக்க வேண்டும். அடுக்கு மிகுந்தால் பின்னலின் நெடுகிலும் நுனிகள் குத்திட்டு வெளியே நிற்கும். திருமணம் நெருங்கிய பெண்கள் பூச்சடை முடிந்தபின் வெட்டிக்கொள்வதே நலம்.

பெண்களே பணிபுரியும், ஆண்கள் நுழையாத இடமாகத் தேர்ந்துகொள்ளுங்கள். வெட்டியபின் விளம்பரத்திற்காகப் படம் எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடி நனைந்தால் நீளும், உலர்ந்தால் சுருங்கும். எனவே, ஈரத்தில் வெட்டுவதாயின் விரும்பும் அளவுக்குச் சற்று நீளமாகவே நிறுத்தச் சொல்லுங்கள். முடிவில், டிரையரும் உருளைச் சீப்பும் வேண்டாம், தானே உலரட்டும் என்று கேளுங்கள். அப்போது கண்ணாடியில் தெரிவதுதான் நாளை உங்கள் வீட்டில் தெரியப்போகும் தோற்றம். குறை இருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.

முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 முதல் 1.25 சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியாயின், தவறாக வெட்டிய 15 சென்டிமீட்டர் திரும்பி வர ஓராண்டுக்குக் குறையாது. கத்தரிக்கு ஒரு நொடி, நமக்கு ஓராண்டு. ஆகையால் முதல் தடவை குறைவாகவே வெட்டிக்கொள்ளுங்கள். போதவில்லை என்றால் அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் வெட்டலாம். வெட்டியதை ஒட்ட வைக்க யாராலும் இயலாது.

தாய்மார்களுக்கு ஒரு சொல். மகள் இத்தகைய ஆசையோடு வந்து கேட்டால், "இது என்ன வீண் பேச்சு?" என்று விரட்டிவிடாதீர்கள். விரட்டினால் ஆசை அடங்குவதில்லை. நம்மிடம் கேட்பதுதான் நின்றுபோகிறது. இன்று முடியைப் பற்றிக் கேட்கத் தயங்குகிறவள், நாளை அதைவிடப் பெரியதொன்றைக் கேட்கவும் தயங்குவாள். கேட்டு உட்கார வையுங்கள், கூடவே செல்லுங்கள்.

அந்த மாணவி இரண்டு ஆண்டுகள் கழித்துத் தாய்வீட்டிற்கு வந்தபோது என்னையும் பார்க்க வந்தாள். முடி ஓரளவு சமமாக வளர்ந்திருந்தது. உடன் தன் தங்கையை அழைத்து வந்திருந்தாள். "ஆலிமா, இவளுக்கும் லேயர் கட் வேண்டுமாம். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள்.

கதவைச் சாத்தி, அந்தச் சின்னவளை உட்கார வைத்து, முக்காட்டை விலக்கி, முடியைப் பிடரியில் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். அக்காவைப் போலவே மெல்லிய முடி. கழுத்தெலும்புக்குக் கீழே இரண்டே அடுக்கு. அடிக்கோட்டைத் தொட வேண்டாம் என்றேன். உம்மாவையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். முன்பே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. அல்லாஹ் என் கவனக்குறைவை மன்னிப்பானாக!