நித்யகல்யாணி: கண்ணுக்கு விருந்து... வாய்க்கு வேண்டாம்!

மே மாதம் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் வீட்டு வாசல் எப்படி இருக்கும்? ரோஜா கருகியிருக்கும். குரோட்டன்ஸ் தலையைத் தொங்கப் போட்டிருக்கும். ஒரே ஒரு செடி மட்டும், "வாங்க, சௌக்கியமா?" என்று சிரித்தபடி நிற்கும். அதுதான் நித்யகல்யாணி!

இதைப் போய் 'சுடுகாட்டு மல்லி' என்று ஒதுக்கி வைத்திருக்கிறோமே! கவனிப்பார் இல்லாத இடத்திலும் தானாக வளர்ந்து பூப்பது ஒரு குற்றமா? மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த இந்தச் செடி, வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும். ஆடு, மாடு பெரும்பாலும் வாய் வைக்காது. புல்தரை போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அவஸ்தைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வாசலோரத்து வெற்று மண்ணை நித்யகல்யாணியால் மூடிவிடுங்கள்.

வளர்ப்பதும் சுலபம். விதை இருட்டில்தான் நன்றாக முளைக்கும். அதனால் மேலே மெல்லிசாக மண் தூவி மூடுங்கள். நாலைந்து இலை விட்டதும் ஒரு அடி இடைவெளியில் நடுங்கள். நல்ல வெயில் வேண்டும். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை வெடித்து, தரையை அடைத்துக்கொண்டு புதர் மாதிரி வளரும். மக்கிய எரு ஒரு கைப்பிடி போதும். அதிகம் போட்டால் இலைதான் மதமதவென்று வரும், பூ குறையும்.

இதற்கு ஒரே எதிரி நம் அதீத அன்புதான்! மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிச் செடி வாடும். "ஐயோ, வாடிடுச்சே" என்று இன்னும் இரண்டு சொம்பு ஊற்றுவீர்கள். அதுதான் அதற்குக் கடைசித் தண்ணீர்!

சரி, இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

தினமும் வாக்கிங் போகும் பெரியவர் ஒருவர், எங்கள் வேலியோரம் நின்று நாலு இலையைப் பறித்து வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்தேன். கேட்டால், "சுகருக்கு ரொம்ப நல்லதும்மா. மாத்திரையைக்கூட நிறுத்திட்டேன்" என்றார் பெருமையாக. எனக்குத் திக்கென்றது. "டாக்டர்கிட்ட சொன்னீங்களா ஐயா?" என்றேன். "இலைதானேம்மா... இதுக்கெல்லாமா டாக்டர்?"

இலைதானே! ஜமைக்காவிலும் இதே இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் போட்டுக் குடித்தார்கள். 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற விஞ்ஞானிகள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. ஊசி மூலம் செலுத்தியபோதோ, வெள்ளை அணுக்கள் மளமளவென்று குறைந்து, எலிகள் கிருமித் தொற்றில் இறந்தன. ஆபத்திலிருந்தே வழி பிறந்தது. 1958-ல் வின்பிளாஸ்டினும், அதையடுத்து வின்கிரிஸ்டினும் புற்றுநோய் மருந்துகளாக உலகுக்குத் தெரியவந்தன. ரத்தப் புற்றுநோய் வந்த எத்தனையோ குழந்தைகள் இன்று பிழைத்து எழுவதில் வின்கிரிஸ்டினுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் அதை டாக்டர்கள் மில்லிகிராம் கணக்கில் அளந்து, ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள். அளவு மீறினால் நரம்பைப் பாதிக்கும்.

"ஒரு கிராம் மருந்து எடுக்கவே நூற்றுக்கணக்கான கிலோ இலை வேணுமாமே. நாலு இலை என்ன செய்துவிடும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இலையில் அந்த இரண்டு மட்டுமா இருக்கிறது? நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இந்தச் செடியில் உண்டு. விலங்குகளுக்குக் கொடுத்துச் சர்க்கரை குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகளும் பின்னாளில் வந்தன. ஆனால் மனுஷருக்கு எத்தனை இலை, எத்தனை நாள் என்று யாரும் அளவு வகுத்துத் தரவில்லை. மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை ஒரேயடியாக இறங்கினால் மயக்கம். மாத்திரையை நிறுத்தி அது ஏறினால் கண்ணும் சிறுநீரகமும் சத்தமில்லாமல் கெடும். கர்ப்பிணிகள் இந்தப் பக்கமே போகக் கூடாது. பூவையோ இலையையோ வாயில் வைக்கக் கூடாது என்று குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

"செடியையே பிடுங்கிப் போட்டுடலாமே" என்றார் என் கணவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிடுங்க வேண்டியது செடியை அல்ல, 'பச்சிலைன்னா பயமே இல்லை' என்ற நினைப்பைத்தான். மறுநாள் அந்தப் பெரியவரை உட்கார வைத்து, இத்தனையும் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது! பழையபடி மாத்திரை ஆரம்பமாகிவிட்டது.

இப்போதும் தினமும் காலையில் எங்கள் வேலியோரம் நிற்கிறார். ஆனால், பறிப்பது பூவைத்தான்... பூஜைக்கு!