கிழட்டு நாய்க்கு எதுக்கு வைத்தியம்னு கேக்கறாங்க

எங்க ஊர்ல கால்நடை மருந்தகம்னு யாரும் சொல்ல மாட்டோம். மாட்டாஸ்பத்திரிதான். பேருலயே விஷயம் இருக்குதுங்க. சினை ஊசி, கோமாரி தடுப்பூசி, கன்னு போட முடியாம தவிக்கிற மாடு, ஆட்டுக்குப் பூச்சி மருந்து, இதுக்குத்தான் அங்க போறது. 1962-க்கு போன் போட்டா வண்டியே வரும். ஆனா கிழட்டு நாயைத் தூக்கிட்டுப் போனா வரிசையில நிக்கிறவங்களே சிரிப்பாங்க.

டாக்டருங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்க கட்டுத்தரையில எந்த உசிரும் கிழடாகிச் சாகறதில்ல. கறவை வத்துன மாட்டைச் சந்தைக்கு ஓட்டிடறோம். ஆடு, கோழி கதை உங்களுக்கே தெரியும். விலை போகாத உசிரு நாய் ஒண்ணுதான். அதனால அது மட்டும் நம்ம வாசல்லயே வயசாகி விழுது. முதுமைக்கு வைத்தியம் பாக்கற பழக்கமே இங்க இல்லாமப் போச்சு.

எங்க செவலைக்கு 14 வயசு. நாட்டு நாய். ராத்திரி தண்ணி கட்டப் போனா எனக்கு முன்னால நடக்கும், பாம்பு கெடந்தா நின்னு குரைக்கும். போன தை மாசம் பின்னங்கால் ரெண்டும் விழுந்துடுச்சு. டவுன்ல ஒரு தனியார் கிளினிக்குக்கு மூணு தடவை வேன் வெச்சுக் கொண்டு போனோம். எக்ஸ்ரே, ட்ரிப்ஸ், அடுத்த வாரம் வாங்க. எந்திரிக்குமான்னு கேட்டா மட்டும் பதில் இல்ல. பக்கத்துக் காட்டுக்காரரு, "கறியில மருந்து வெச்சு முடிச்சுடு பங்காளி"ன்னாரு. நாயைக் கொடூரமாக் கொல்றது குத்தம்னு 1960-லயே சட்டம் வந்தாச்சு. சட்டம் இல்லாட்டியும் எனக்குக் கை வராதுங்க.

கடைசியில மாட்டுக்குச் சினை பாக்க வந்த டாக்டரம்மாதான், கை கழுவிட்டு அது பக்கத்துல தரையில உக்காந்தாங்க. சின்ன வயசுப் பொண்ணு. முதுகெலும்பை மெதுவா அமுக்கிப் பாத்தாங்க. "காலு இனி வராதுங்கண்ணா. வலியைக் குறைக்கலாம், அவ்வளவுதான்"னாங்க. மூணு தடவை டவுனுக்குப் போயும் கெடைக்காத பதில் அது.

என்ன செய்யணும்னும் சொன்னாங்க. சாக்கை மடிச்சு மெத்தையாப் போடணும். ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லன்னா புண்ணு வெச்சு ஈ மொய்ச்சுப் புழு வந்துடும். மூத்திரம் பட்ட எடத்தைத் தொடைச்சு ஈரமில்லாம வெச்சுக்கணும். நம்ம வீட்டு வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. ஐபுபுரூஃபென் மாதிரி மாத்திரை நாய்க்கு வயித்தைப் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும். நாய்க்குன்னு அளவு பாத்து அவங்களே மருந்து எழுதிக் கொடுத்தாங்க. "தண்ணியும் எறங்காம, மருந்துக்கும் வலி அடங்காமப் போச்சுன்னா கூப்பிடுங்க"ன்னாங்க.

பத்தொம்பதாவது நாள் கூப்பிட்டோம். டூட்டி முடிஞ்சு சாயங்காலம் வந்தாங்க. மொதல்ல மயங்கறதுக்கு ஒரு ஊசி. நல்லாத் தூங்கினதுக்கு அப்புறம், மயக்க மருந்தையே அளவுக்கு மேல. மூச்சு அப்படியே நின்னுது. என் சம்சாரம் தலையை மடியில வெச்சிருந்தா. காசு கொடுத்தோம், வாங்கல. நாலு தேங்காய் மட்டும் எடுத்துக்கிட்டாங்க.

அந்தப் பொண்ணு நல்ல மனசால செஞ்சதை, வேலையில ஒரு பகுதியாவே ஆக்கணும்கிறதுதான் நான் கேக்கறது. வாரத்துல ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாக்கற மாதிரி வண்டியும் மருந்தும் கொடுக்கலாம். இது பொழைக்காதுன்னு வளர்த்தவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு காலேஜ்லயே சொல்லித் தரலாம். பெரிய செலவெல்லாம் இல்லீங்க.

டவுன்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். உங்களுக்கு வேப்பேரி இருக்கு, தெருவுக்குத் தெரு கிளினிக் இருக்கு. ஆனாலும் எங்க ஏரிக்கரையில காரை நிறுத்தி வயசான நாயை எறக்கிட்டுப் போறாங்க. இந்த வருசம் நானே ரெண்டு பாத்துட்டேன், கழுத்துப் பட்டை கூடக் கழட்டல. கிராமம்தானே, எப்படியாவது பொழைச்சுக்கும்னு நெனைக்கறீங்க போல. ஊர் நாய்ங்க ஒரு ராத்திரி விடாதுங்க. இத்தனை தூரம் ஓட்டிட்டு வர்ற பெட்ரோல் காசை வெச்சு, வீட்டுக்கு வர்ற டாக்டர் உங்க பக்கத்துல யாரு இருக்காங்கன்னு விசாரிங்க.