சொத்தைக் கடலை யார் பங்கு?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (வேதியியல்)

உணவில் நஞ்சு என்றதும் நமக்குப் பூச்சிமருந்தும் கலப்படமுமே நினைவுக்கு வருகின்றன. யாரும் கலக்காமல் நல்ல தானியத்திலேயே விளையும் நஞ்சும் உண்டு. அவற்றுள் ஒன்று அஃப்ளடாக்சின்.

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மாண்டன. தீவனத்தில் கலந்திருந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையே காரணம் என்று பின்னர் தெரிந்தது. 1974இல் நம் நாட்டிலேயே, ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பூத்த மக்காச்சோளத்தைத் தின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கல்லீரல் கெட்டு இறந்தனர். சிறுகச் சிறுக உள்ளே போனாலோ கல்லீரல் புற்றுநோய். கொதிக்க வைத்தாலும் இந்நஞ்சு அழியாது. வறுத்தால் ஓரளவே குறையும். ஆகவே ஈரம் படாமல் காப்பதும், கெட்டதைப் பொறுக்கி எறிவதுமே வழி.

விழுப்புரம் மாவட்டத்து எங்கள் ஊரில் இது எப்படி நடக்கிறது? என் தாயார் மண்டி மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து மல்லாட்டை உடைப்பவர். கூலி மரக்கால் கணக்கு. காய்ந்த ஓடு விரலைக் கிழிக்கும், வேலையும் ஓடாது. அதனால் முதல் நாள் இரவே தண்ணீர் தெளித்துச் சாக்குப் போட்டு மூடுவார்கள். மிஷினில் உடைப்போரும் பருப்பு நொறுங்காமலிருக்கக் காயை நனைப்பதுண்டு. வெயிலில் காய்ந்ததை மறுபடி ஈரமாக்கினால் பூஞ்சைக்குக் கேட்கவா வேண்டும்!

அடுத்தது பொறுக்குதல். நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாக இராது. சுருங்கியது, நிறம் மாறியது, பூச்சி துளைத்தது என்று சிலவற்றிலேயே பெரும்பகுதி குவிந்திருக்கும். நேராகத் தின்னும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் ஐரோப்பிய நாடுகள் அனுமதிப்பதில்லை. எனவே பொறுக்கியெடுத்த நல்ல பருப்பு கப்பல் ஏறுகிறது. கழித்த சொத்தை? அது குறைந்த விலைக்குக் கைமாறுகிறது, அல்லது உடைத்த பெண்களின் மடியிலேயே விழுந்து மறுநாள் சட்னியாகிறது. செக்குக்குப் போனால் நஞ்சில் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும். அதைத் தின்னும் பசுவின் பாலிலும் அது சற்றே உருமாறி வரும். நஞ்சு ஒழியவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது.

இதைக் கிராமத்தாரின் அறியாமை என்று பேசுவோர் உண்டு. நான் ஒப்பமாட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பூஞ்சையின் பெயர் எனக்குத்தான் தெரியும். ஆனால் குவியலில் கிடக்கும் ஒற்றைச் சொத்தையை விரல் நுனியாலேயே கண்டுபிடிப்பவர் என் தாயார். தெரிந்தேதான் மடியில் கட்டிக்கொள்கிறார், கடையில் கடலை விற்கும் விலை அப்படி.

மரக்காலுக்குப் பதில் நாட்கூலி கொடுத்தால் தண்ணீர் தெளிக்கும் அவசரம் இராது. கமிட்டிகளில் உலர்களமும் தார்ப்பாயும் போதிய அளவு வேண்டும். சொத்தையை உணவாக விற்கவோ கொடுக்கவோ கூடாது. மண்டியே எடைபோட்டு அழிக்கட்டும். கட்டுப்படியாகாது என்பார்கள். அந்த நட்டத்தைக் கப்பலேறும் பருப்பின் விலையில் ஏற்றிக்கொள்ளலாமே.