பிள்ளைக்கு மூளைப் பாடம்... பெத்தவங்களுக்கு?

காலை மணி எட்டே முக்கால். வட சென்னையில் ஒரு பள்ளிக்கூட வாசல்.

யு.கே.ஜி. படிக்கிற பையன். ஐந்து வயது இருக்கும். கேட்டுக்கு முன்னால் தரையில் புரண்டு அழுகிறான். ஒரு காலில் ஷூ இருக்கிறது. இன்னொன்று சாக்கடை ஓரம் கிடக்கிறது. "போவ மாட்டேன்... போவ மாட்டேன்..." என்று ஒரே கூச்சல்!

அம்மாவுக்கு வேலைக்குப் போகிற அவசரம். பஸ் போய்விடும். கெஞ்சிப் பார்த்தார். கொஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. பளார் என்று முதுகில் ஒரு அறை! பையன் இன்னும் உரக்கக் கத்தினான். இன்னொரு அறை!

டீக்கடை வாசலில் நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? "நல்லா நாலு போடும்மா, அப்பத்தான் அடங்குவான்" என்று ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். கடைசியில் ஆயா வந்து பையனை அள்ளிக்கொண்டு உள்ளே போனார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார்.

அழுதது பிள்ளை மட்டும் இல்லை. பெற்றவளும்தான்!

மண்டைக்குள் என்ன நடக்குது?

"கொழுப்பு", "பிடிவாதம்", "செல்லம் கொடுத்துக் கெடுத்தது" என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்லுவோம். டாக்டர்கள் சொல்லுவது வேறு.

மூளைக்குள் ‘அமிக்டலா’ என்று ஒன்று இருக்கிறது. பாதாம் பருப்பு மாதிரி, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ஆபத்து என்று தோன்றினால் மணி அடிப்பது இதன் வேலை. மணி அடித்தால் நெஞ்சு படபடக்கும். கை கால் முறுக்கும். அழுகை பீறிடும். இந்த மணி சின்னக் குழந்தையிலேயே வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது.

அதை அடக்குகிற பிரேக் எங்கே? நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்பகுதியில். "பொறு, யோசி" என்று சொல்லுகிற இடம் அதுதான். ஆனால் மூளையில் கடைசியாக முற்றுகிற பகுதிகளில் அதுவும் ஒன்று. முழுசாகத் தயாராக ஏறக்குறைய 25 வயது ஆகிவிடும்!

25 வயதில் தயாராகிற பிரேக்கை 5 வயதில் பிடிக்கவில்லை என்று பிள்ளையை அடிக்கிறோம். என்ன நியாயம் இது?

இன்னொரு சங்கதி. அடி விழுந்தால் உள்ளே அடிக்கிற மணி நிற்குமா? நிற்காது. இன்னும் பலமாக அடிக்கும். சில நேரம் பிள்ளை சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். அதை அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது அடக்கம் இல்லீங்க. பயம்!

கையிலேயே ஒரு மூளை

இதையெல்லாம் சின்னப் பிள்ளைக்குச் சொன்னால் புரியுமா? புரிகிறது!

டேனியல் சீகல் என்று அமெரிக்காவில் ஒரு மனநல டாக்டர். அவர் ஒரு சுலபமான வழி சொல்லிக் கொடுத்தார். கட்டைவிரலை உள்ளங்கையில் மடக்குங்கள். நான்கு விரல்களையும் அதன் மேல் மூடுங்கள். இதுதான் மூளை! உள்ளே இருக்கிற கட்டைவிரல், கோபமும் பயமும் கிளம்புகிற இடம். மேலே மூடிய விரல்கள், யோசிக்கிற இடம். கோபம் தலைக்கேறினால் நான்கு விரலும் படக்கென்று மேலே எழும்பிவிடும். மூடி திறந்துவிட்டது என்று அர்த்தம்.

என் பேத்தி ஒண்ணாம் கிளாஸ் படிக்கிறாள். இதைப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வந்தாள். ஒரு நாள் சாயந்திரம் நான் போனில் ஒருவரிடம் காட்டுக் கத்தல் கத்திக்கொண்டிருந்தேன். எதிரே வந்து நின்றாள். நான்கு விரலையும் விரித்துக் காட்டினாள்.

"தாத்தா, உங்க மூடி தொறந்துடுச்சு!"

எனக்கு வந்த கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டேன். 65 வயதில் இதை எனக்குச் சொல்லிக் கொடுக்க ஒண்ணாம் கிளாஸ் டீச்சர் வேண்டியிருந்தது!

மூச்சுப் பயிற்சியும் இப்படித்தான். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றின் மேல் ஒரு பொம்மையை வைக்கிறார்கள். மூச்சை இழுத்தால் பொம்மை ஏறும். விட்டால் இறங்கும். அதையே பார்த்துக்கொண்டு நிதானமாக மூச்சு விட்டால் படபடப்பு தணியும். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

கோபம், பயம், பொறாமை, வெட்கம் என்று உணர்ச்சிக்குப் பெயர் சொல்லப் பழக்குவதும் ஒரு பாடம். 2007ல் லாஸ் ஏஞ்சல்சில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் பெரியவர்களை வைத்துச் சோதித்தார்கள். கோபமும் பயமும் தெரிகிற முகப் படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லச் சொன்னார்கள். பெயர் சொன்னபோது அமிக்டலாவின் துடிப்பு குறைந்தது! "எனக்குக் கோவமா வருது" என்று வாயால் சொல்லத் தெரிந்த பிள்ளை, பக்கத்துப் பையனைக் கடிக்கப் போவதற்கு முன்னால் கொஞ்சமாவது நிற்கும்.

டில்லியும் பிரிட்டனும்

2018 ஜூலையில் டில்லி அரசுப் பள்ளிகளில் மகிழ்ச்சிப் பாடம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். தலாய் லாமா வந்து தொடங்கி வைத்தார். நர்சரியிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் அதற்கென்று பீரியடு ஒதுக்கினார்கள். மூச்சைக் கவனிப்பது, கதை கேட்பது, மனசில் பட்டதைப் பேசுவது. பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. நல்ல காரியம்.

ஆனால் பாடம் வைத்தால் மட்டும் போதுமா? இங்கேதான் ஒரு எச்சரிக்கை.

பிரிட்டனில் எண்பதுக்கு மேற்பட்ட பள்ளிகளில் 8,000க்கு மேற்பட்ட மாணவர்களை வைத்து இந்த மனப் பயிற்சியைச் சோதித்தார்கள். 11 வயதைத் தாண்டிய பிள்ளைகள். 2022ல் முடிவு வந்தது. வழக்கமான பாடம் படித்தவர்களைவிட, பயிற்சி எடுத்த மாணவர்களின் மனநலம் ஒன்றும் மேம்பட்டுவிடவில்லை! பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் போய்ப் பயிற்சி செய்யவே இல்லை. ஆனால் ஒரு வேடிக்கை. பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் மனச் சோர்வு கொஞ்ச காலத்துக்காவது குறைந்தது. பள்ளிக்கூடத்தின் சூழலும் ஓரளவு நன்றாக இருந்தது.

அங்கே சோதித்தது வளர்ந்த பிள்ளைகளை. நாம் பேசுவது பொடிசுகளை. ஆனாலும் எனக்கு இதில் ஒன்று பளிச்சென்று படுகிறது. முதலில் பெஞ்சில் உட்கார வேண்டியவர்கள் பிள்ளைகள் இல்லை. நாம்தான்!

பிள்ளைக்கு பிரேக் தயாராகிற வரைக்கும் அம்மாவும் அப்பாவும் டீச்சரும்தான் அதுக்கு பிரேக். காலையில் வகுப்பில் "மூச்சை இழு, விடு" என்று சொல்லிவிட்டு, மத்தியானம் அதே டீச்சர் ஸ்கேலை ஓங்கினால் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? மூச்சையா, ஸ்கேலையா?

"நாங்க அடி வாங்கி வளரலியா?"

கேட்பீர்கள். தெரியும். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிக்கக் கூடாது, மனசு நோகப் பண்ணக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்லுகிறது. வீட்டுக்குள் அந்தச் சட்டம் வராது. மனசாட்சிதான் வரவேண்டும்.

நானும் அடித்தவன்தான். என் மகனை பெல்ட்டால் அடித்திருக்கிறேன். அவன் கெட்டுப் போகவில்லை. படித்தான், வேலைக்குப் போனான். ஆனால் இன்றைக்கு வரைக்கும் அவனுக்கு ஒரு கஷ்டம் என்றால் என்னிடம் சொல்ல மாட்டான். சேதி அவன் அம்மாவுக்குத்தான் போகும். அந்த அடிக்கு நான் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்!

அடிக்காதே என்றால் கண்டிக்காதே என்று அர்த்தம் இல்லை. "பள்ளிக்கூடம் போய்த்தான் ஆகணும்" என்பதைக் கத்தாமலும் சொல்லலாம். பக்கத்தில் குந்தி, கையைப் பிடித்துக்கொண்டு, அழுகை கொஞ்சம் அடங்கினதும் சொன்னால் காதில் ஏறும். மணி அடிக்கும்போது சொல்லுகிற புத்திமதி செவிடன் காதில் ஊதின சங்கு!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூச்சுப் பயிற்சி என்பது பிள்ளையின் வாயை அடைக்கிற துணி இல்லை. பசியோடு வந்த பிள்ளைக்கு முதலில் சோறு. தூங்காத பிள்ளைக்குத் தூக்கம். யாரோ அடிக்கிறார்கள், தொடக்கூடாத இடத்தில் தொடுகிறார்கள் என்றால் "கண்ணை மூடி அமைதியா இரு" என்று சொல்லுவது பாவம்! கேட்டு, நடவடிக்கை எடுக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அதுக்குத்தான் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

ஒன்றாம் வகுப்புக்கு முன்னாலேயே தினம் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். அதுக்குத் தனி புஸ்தகம் வேண்டாம், தனி ஃபீஸ் வேண்டாம், பரீட்சை வேண்டவே வேண்டாம். முதலில் டீச்சருக்கும் ஆயாவுக்கும் பயிற்சி கொடுங்கள். பெற்றோர் கூட்டம் என்று கூப்பிட்டு மார்க்கையே பேசுகிறீர்களே, ஒரு கூட்டத்திலாவது இந்தக் கை மூளையைக் காட்டுங்கள். பள்ளி நிர்வாகிகளும் கல்வி அதிகாரிகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

அது இருக்கட்டும். அன்றைக்கு அந்தப் பையன் "போவ மாட்டேன்" என்றானே, ஏன்?

அம்மா கேட்கவில்லை. அவருக்கு நேரம் இல்லை. ஆயா கேட்கவில்லை. தீர்ப்புச் சொன்ன டீக்கடைக்காரர் கேட்கவில்லை. ஊருக்கு உபதேசம் எழுதுகிற நானும் கேட்கவில்லை. கையில் டீ கிளாசோடு வேடிக்கைதான் பார்த்தேன்!

நாளைக்குக் காலையிலும் எட்டே முக்கால் மணி வரும். ஏதாவது ஒரு வாசலில் ஏதாவது ஒரு பிள்ளை அழும். "ஏன் கண்ணு?" என்று ஒருவராவது கேட்போமா?